என் தலைக்கு மேல் தொங்கும் அவள் மெடல்

செஞ்சி பஜாரில் என் பாத்திரக் கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் குக்கர் விலை கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்ப்பார்கள். என் தலைக்கு மேல் சுவரில் தொங்கும் மெடலைப் பார்ப்பார்கள். மறுபடியும் என்னைப் பார்ப்பார்கள்.

"இன்னா அண்ணே, மெடல்லாம் தொங்குது? உங்களுதா?"

"இல்ல. வீட்டுல அவங்களுது."

"அண்ணியோடதா? பரவால்லியே! எதுக்குக் குடுத்தாங்க?"

"சாரணர் குழுவுல. சிறந்த தலைவர்னு."

"அப்ப நீங்க?"

இந்த "அப்ப நீங்க" இருக்கிறதே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டு வரும். நானும் சாரணர் தலைவர்தான் ஐயா. சொல்லப்போனால் நான்தான் சாரணர் தலைவர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, ஊர்ப் பிள்ளைகளுக்கென்று இந்த ஊரில் ஒரு சாரணர் குழு இருக்கிறதென்றால் அது நான் ஆரம்பித்தது. ராஜகிரிக்குக் கீழே, கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கும் மைதானத்தில் முள்ளை வெட்டிக் கொடிக்கம்பம் நட்டவன் நான். அந்த மெடல் தொங்குகிறதே ஒரு ஆணி, அதைச் சுவரில் அடித்ததும் நான்தான். ஆனால் வந்தவர்களிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? "எவர்சில்வர் டபரா பாக்குறீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

பள்ளியில் படிக்கும்போது நான் சாரணன். கழுத்தில் அந்த ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டால் நடையே மாறிவிடும். படிப்பு ஏறவில்லை, கடைக்கு வந்துவிட்டேன், ஆனால் அந்தப் பைத்தியம் மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் காக்கி அரை டிராயரை மாட்டிக்கொண்டு பஜார் பையன்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். முடிச்சு, கூடாரம், முதலுதவி, அணிநடை. "கடைல ஒக்காருடான்னா போய்க் கயிறு கட்டி ஆடுறான்" என்று நைனா இருந்தவரை தலையில் அடித்துக்கொண்டார். இதற்குச் சம்பளம் கிடையாது. டீ கூட நம் கைக்காசுதான்.

இப்படி ஊர்ப் பிள்ளைகளோடு சும்மா மல்லுக்கட்டுகிறவர்களுக்கு மொத்தத்தில் கிடைக்கிற ஒரே மரியாதை, மாவட்டத்தில் வருடா வருடம் ஒருவருக்குக் கொடுக்கும் அந்த மெடல்தான். நான் ஒவ்வொரு வருடமும் போய் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வருவேன். திண்டிவனம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். சரி, வயதானவர். விழுப்புரத்து வாத்தியார் ஒருவருக்குக் கொடுத்தார்கள். சரி, பேச்சு சாமர்த்தியம் உள்ளவர். அடுத்தது நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வந்து, ஒருநாள் கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த ஆணியை அடித்தேன்.

என் மனைவி ஒட்டடை அடிக்கும்போது கேட்டாள்: "இந்த ஆணி எதுக்குங்க?"

"காலண்டர் மாட்ட."

"காலண்டர்தான் அங்க இருக்குதே."

"இன்னொரு காலண்டர் வரும்" என்றேன். அவள் ஆணியைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

அவளை இந்தச் சாரணர் விவகாரத்துக்குள் இழுத்துவிட்டதும் நானேதான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது. சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு பையன், "சார், எங்க அக்காவும் வரேன்னுது, சேத்துக்குவீங்களா?" என்று கேட்டான். பெண் பிள்ளைகள் வந்தால் கூடவே ஒரு பெண் தலைவர் இருக்க வேண்டும், அதுதான் சட்டம். இல்லாவிட்டால் பெற்றவர்களும் அனுப்ப மாட்டார்கள். வேறு யாரும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வருகிறவள்தானே, சும்மா வந்து நில்லேன், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நிக்கணும், அவ்ளோதானே?" என்று கேட்டாள்.

"அவ்ளோதான்."

பயிற்சி முகாமுக்குப் போனாள். சீருடை தைத்துக்கொண்டாள். உறுதிமொழி எடுக்க வைத்து அவள் கழுத்தில் முதல் ஸ்கார்ஃபைப் போட்டுவிட்டதும் நான்தான். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை! ஆனால் அடுத்த ஞாயிறே ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. ஆண் பிள்ளைகளின் தலைவருக்கு மாஸ்டர் என்று பெயர். பெண் பிள்ளைகளின் தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். யார் வைத்தானோ! நேற்று வந்தவள், கயிற்றில் ஒரு முடிச்சுப் போடத் தெரியாதவள், கேப்டனாம். நான் மாஸ்டராம். ஏதோ டெய்லர் கடை வைத்திருக்கிற மாதிரி. பிள்ளைகள் எல்லாம் "கேப்டன்! கேப்டன்!" என்று அவள் பின்னால் ஓடும்போது எனக்குக் காது கூசும்.

பிள்ளைகள் ஓடியதற்கும் காரணம் இருந்தது. நான் விசில் அடிப்பேன், அவள் அடிக்க மாட்டாள். நான் தாமதமாக வருகிறவனை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவேன். அவள் "சாப்டியா? சாப்டாம வந்தியா?" என்று கேட்பாள். இப்படியெல்லாம் இருந்தால் ஒழுங்கு எப்படி வரும் என்று வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அவள் பக்கம் யாரும் தாமதமாக வரவில்லை. சிங்கவரத்துப் பெண்கள் எனக்கு முன்னாலேயே வந்து கம்பத்தடியில் நிற்பார்கள்.

ஆனால் அந்த மெடலை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது மேல்மலையனூர்.

அமாவாசைக்கு அங்காளம்மன் கோயிலில் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கே பார்த்தாலும் ஸ்பெஷல் பஸ், எங்கே பார்த்தாலும் தலை. எங்கள் குழு மத்தியானத்திலிருந்து அங்கே தண்ணீர் கொடுக்கும், வரிசையைப் பார்த்துக்கொள்ளும், காணாமல் போன குழந்தைகளைச் சேர்த்து வைக்கும். காணாமல் போன குழந்தைகள் என் துறை. ஏனென்றால் அங்கேதான் மைக் இருக்கும். மைக்கைப் பிடித்தால் எனக்குக் கீழே வைக்க மனசு வராது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு அமாவாசையில் ஒரு சின்னப் பையன் அழுதுகொண்டே வந்து சேர்ந்தான். பேர் கேட்டால் "தம்பி" என்கிறான். ஊர் கேட்டால் "பஸ்ல வந்தோம்" என்கிறான். "உங்க அப்பா பேரு இன்னாடா?" என்றால் "நைனா" என்கிறான். வேறு வழியில்லாமல், நல்ல கம்பீரமான குரலில், "தம்பி என்ற மகனைத் தொலைத்துவிட்ட நைனா அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகச் சாரணர் பந்தலுக்கு வரவும்" என்று அறிவித்தேன். கூட்டத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லா அப்பனும் நைனாதானே! நாலைந்து நைனாக்கள் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து, தங்கள் பையன் இல்லை என்று தெரிந்ததும் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனுடைய அம்மா ஓடிவரும்வரை அவன் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த அமாவாசைக்கு அவள் தன் பெண்களைப் பந்தலில் உட்கார வைக்கவில்லை. பஸ் வந்து நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு மார்க்கர் பேனா. குழந்தையோடு இறங்குகிறவர்களிடம் செல் நம்பரைக் கேட்டுக் குழந்தையின் முழங்கைக்கு மேலே, வேர்வை படாத இடமாகப் பார்த்து எழுதிவிட வேண்டும்.

"இன்னாடி இது, ரேஷன் மூட்டை மாதிரி நம்பர் போட்டுக்கினு?" என்று கிண்டல் செய்தேன்.

"புள்ளைக்கு நைனா பேரு தெரியாது. நம்பர் கைலயே இருந்தா யாரு வேணா போன் போடலாம் இல்ல?" என்றாள்.

குழந்தைகள் என்னவோ பச்சை குத்திக்கொள்கிற மாதிரி குஷியாகக் கையை நீட்டினார்கள். அன்றைக்குத் தொலைந்த குழந்தைகள் எல்லாம் பந்தலுக்கு வருவதற்கு முன்னாலேயே பெற்றவர்களிடம் சேர்ந்தார்கள். பொரிகடலை விற்கிறவர் போன் போட்டார், கண்டக்டர் போன் போட்டார். மைக்கில் சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. "பக்தர்கள் வரிசையில் வரவும்" என்று நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பேனா! இத்தனை வருடமாக அந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன், என் சட்டைப் பையிலும் பேனா இருந்தது. எனக்கு ஏன் தோன்றவில்லை? அந்தக் கேள்விதான் என்னை அரித்துத் தின்றது. பக்கத்து ஊர்க் குழுக்கள் அதையே செய்ய ஆரம்பித்தன. மாவட்டத்திலிருந்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒருநாள் கடையில் இருக்கும்போது போன் வந்தது. மாவட்டச் சாரணர் பொறுப்பாளர். எடுத்த எடுப்பில், "வாழ்த்துகள் சார்!" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டேன். கண் தானாகவே ஆணிக்குப் போனது. "ரொம்ப நன்றிங்க சார், நான் எதிர்பார்க்கவே இல்ல" என்றேன்.

அவர் லேசாக இருமினார். அப்புறம், "மேடம் பக்கத்துல இருக்காங்களா சார்? அவங்ககிட்டயே சொல்லிடலாம்னு" என்றார்.

போனை நீட்டினேன். வேறென்ன செய்வது? அவள் கரண்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, கேட்டு, "எனக்கா? எனக்கா சார்?" என்றாள். பிறகு, "எல்லாம் அவரு சொல்லிக் குடுத்ததுதாங்க" என்றாள். நான் சொல்லிக் கொடுக்காத ஒன்றே ஒன்றுக்குத்தான் அவளுக்கு மெடல். அதைக் கேட்டதும் இன்னும் எரிந்தது.

அந்த நாட்களில் நான் நடந்துகொண்ட அழகு இருக்கிறதே! சாம்பாரில் உப்பு இல்லை என்பேன், இருக்கும். அவள் பேசினாலும் எரிச்சல், பேசாவிட்டாலும் எரிச்சல். பஜாரில் ஆளாளுக்கு வந்து அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் என் முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தட்டல் என்ன தட்டல் என்று எனக்குத் தெரியாதா? எதிர்ச் சாரியில் இருக்கும் வளையல் கடை அக்கா ஒருபடி மேலே போய், "இன்னா தம்பி, குருவை மிஞ்சிட்டாளே உன் சிஷ்யப் புள்ளை?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டது. நான் பல்லைக் காட்டினேன். எல்லோரிடமும் பல்லைக் காட்டினேன். என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது, நான் நன்றாக மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழா இந்த முறை செஞ்சியிலேயே, ஒரு பள்ளி மைதானத்தில் என்று முடிவாயிற்று. "கொடி உங்க பொறுப்பு சார். உங்களை விட்டா யாரு?" என்றார் பொறுப்பாளர்.

இது உண்மை. கொடி கட்டுவதில் எனக்கென்று மாவட்டத்தில் ஒரு பேர் உண்டு. சாரணர் கொடியை விரித்தபடி ஏற்ற மாட்டோம். மடித்து, விசிறி மாதிரி மடிப்பு எடுத்து, நடுவில் பூ வைத்துச் சுருட்டி, கயிற்றில் ஒரு வளையம் எடுத்து அதன் மேல் செருகிவிட வேண்டும். பொட்டலம் உச்சிக்குப் போனதும் கீழிருந்து ஒரே ஒரு சுண்டு. வளையம் உருவிக்கொள்ளும், கொடி விரியும், பூ கொட்டும். செருகல் தளர்ந்தால் வழியிலேயே அவிழ்ந்துவிடும், இறுகினால் அவிழவே அவிழாது. என் கை கட்டிய கொடி ஒருநாளும் சிக்கியதில்லை. பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன்: பூ ஒரு பிடிதான். அதற்கு மேல் ஒரு இதழ் வைத்தாலும் துணி உப்பிக்கொள்ளும், கயிறு கவ்விக்கொள்ளும். மீறி வைத்தவனை மைதானத்தைச் சுற்ற விட்டிருக்கிறேன்.

மெடல் வாங்குகிறவர்தான் அன்றைக்குக் கயிற்றைச் சுண்ட வேண்டும் என்பது எங்கள் மாவட்டத்து வழக்கம். அதாவது நான் கட்ட வேண்டும், அவள் இழுக்க வேண்டும்.

விழா அன்று காலையில் அவள் சீருடை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "ஸ்கார்ஃப் நேரா இருக்குதாங்க?" என்றாள். கொஞ்சம் கோணலாக இருந்தது. சரி செய்துவிட்டேன். அவள் கழுத்து சில்லென்று இருந்தது. "கயித்தை இழுக்கும்போது கை நடுங்குமோன்னு பயமா இருக்குது" என்றாள்.

"நான் கட்டினா சுண்டு விரல்ல இழுத்தாலே அவுரும்" என்றேன்.

சொல்லிவிட்டுப் பூக்கடைக்குப் போனேன். வழக்கமாக ஒரு பொட்டலம் உதிரிப்பூ வாங்குவேன். அன்றைக்குச் சாமந்தி வாங்கினேன், பன்னீர் ரோஜா வாங்கினேன். அப்போதுதான் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள், ஜிலுஜிலுவென்று இருந்தன. இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று வாங்கினேன். வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும், அது இருந்தது. ஆனால் அவள் இழுக்கும்போது பேருக்கு நாலு இதழ் விழக்கூடாது, அவள் தலை தோள் எல்லாம் கொட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று என்னைக் கேட்காதீர்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்கு நான் பூ வாங்கிக் கொடுத்தது குறைவு. யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி வைத்துச் சுருட்டிக் கட்டினேன்.

எல்லோரும் அணிவகுத்து நின்றார்கள். மேடையில் பெரிய மனிதர்கள் எழுந்து நின்றார்கள். என் மனைவி கம்பத்தடிக்கு வந்து கயிற்றைச் சுண்டினாள்.

கொடி அவிழவில்லை.

மறுபடி சுண்டினாள். உச்சியில் பொட்டலம் ஆடியது, அவ்வளவுதான். மூன்றாவது முறை கொஞ்சம் பலமாக இழுத்தாள். கம்பம்தான் அசைந்தது. பின்னால் பெற்றோர் கூட்டத்தில் யாரோ, "கட்டினது யாருப்பா?" என்றார். "அவங்க வீட்டுக்காரர்தான்" என்று பதில் வந்தது. "ஓஹோ!" என்றது இன்னொரு குரல். அந்த ஓஹோவுக்குக் கூட்டமே சிரித்தது. விறைப்பாக நின்ற பையன்கள் சிரிக்கக்கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

நான் வரிசையை விட்டு வெளியே வந்து கயிற்றை இறக்கினேன். ஏற்றிய கொடியை அவிழாமல் இறக்குவதைவிட ஒரு சாரணர் தலைவருக்குப் பெரிய அவமானம் கிடையாது. வளையம் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. என் மனைவி பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாகப் பிடுங்கிப் பிரித்தபோது அத்தனை பூவும் தொப்பென்று என் ஷூ மேல் கொட்டியது. பூவே இல்லாமல் மறுபடி கட்டி ஏற்றினேன். அவள் சுண்டினாள். கொடி மொட்டையாக விரிந்தது. அவள் வணக்கம் வைத்தாள்.

அப்புறம் மெடல் குத்தினார்கள். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. நானும் தட்டினேன், காலைச் சுற்றிப் பூவோடு.

விழா முடிந்தால் மைதானத்தைக் கூட்டிவிட்டுத்தான் நாங்கள் கிளம்புவோம். மெடல் வாங்கியவளும் துடைப்பம் எடுத்தாள். கம்பத்தடியை அவள்தான் கூட்டினாள். நான் கயிற்றைச் சுற்றி வைக்கிற சாக்கில் தள்ளிப் போய்விட்டேன்.

வண்டியில் வீட்டுக்கு வரும்போது, "அந்தக் கொடி..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க" என்றாள்.

"இல்ல, நான் வேணும்னு..."

"விடுங்கன்றேன் இல்ல" என்றாள். அன்று சாயங்காலமே மெடலைக் கடைக்கு எடுத்து வந்து, "இதை எங்க வெக்கிறது?" என்று கேட்டாள். பெருந்தன்மையாக இருக்க வேண்டுமே என்று, "கடைலயே மாட்டு, நாலு பேரு பாக்கட்டும்" என்றேன். பீரோவில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, "இங்கதான் ஒரு ஆணி சும்மா இருக்குதே" என்று மாட்டிவிட்டாள்.

மறுநாளிலிருந்து பஜார் பிடித்துக்கொண்டது. மளிகைக் கடைக்காரர், "இன்னாப்பா, கொடி கட்டுறதுல சூரன்னு சொல்லுவாங்கோ, பொண்டாட்டி இழுத்தா மட்டும் அவுராதாமே?" என்றார். டீக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. பொறாமையில் வேண்டுமென்றே இறுக்கிக் கட்டிவிட்டான் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. எனக்குப் பொறாமை இல்லையா என்றால், இருந்தது. தொண்டை வரைக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கொடியில் மட்டும் அது இல்லை. அதை எப்படிச் சொல்வது? "வீட்டுக்காரி தலையில பூ கொட்டணும்னு ஆசைப்பட்டு அதிகமா வெச்சிட்டேன்" என்று பஜாரில் நின்று சொல்ல முடியுமா? சொன்னால் ஆயுசுக்கும் ஓட்டுவார்கள். அதற்குப் பொறாமைக்காரன் என்ற பேரே மேல் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஊர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். அவள் என்ன நினைக்கிறாள்? அதுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்தது. வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள், கடைக்கு வந்தாள், கணக்கான பேச்சுப் பேசினாள். அவள் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தன் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் மேடை ஏறியவளைக் கட்டின புருஷனே கெடுத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளா? கேட்கலாம் என்று வாய் வரை வரும். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? விழுங்கிவிடுவேன்.

அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் வளையல் கடை அக்கா எங்கள் கடைக்கு வந்தது. நான் உள்ளே, அண்டாக்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தேன். கல்லாவில் என் மனைவி. அக்காவுக்கு ஒரு பெரிய குண்டான் வேண்டுமாம். குண்டான் விலை பேசி முடிவதற்குள் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

"ஏண்டி, கேக்குறேன்னு தப்பா நெனச்சிக்காத. உன் வீட்டுக்காரருக்கு உன் மேல பொறாமையாமே? அதான் கொடிய அப்படிக் கட்டிட்டாருன்னு ஊரெல்லாம் பேச்சு."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொறாமைதான்க்கா" என்றாள் என் மனைவி, சர்வசாதாரணமாக. "யாரு இல்லன்னா? போன் வந்த அன்னிலேருந்து மனுஷனுக்கு வயிறு எரிஞ்சிக்கினு இருக்குது. கூட இருக்குற எனக்குத் தெரியாதா? அந்த ஆணிய அவருக்குன்னு அடிச்சு வெச்சிருந்ததே எனக்குத் தெரியும். அவரா வாயத் தொறந்து ஒரு நாள் சொல்லட்டும்னுதான் அதுல மாட்டினேன்."

எனக்குக் காது சுட்டது.

"அப்ப வேணும்னேதான் கட்டினாரா?" என்றது அக்கா, ஆசையாக.

"அதான் இல்ல. கீழ கொட்டின பூவ நான்தானே கூட்டி அள்ளினேன்? ரெண்டு முறம் பூவு. ரோஜாவும் சாமந்தியுமா. ஒரு பிடிக்கு மேல பூ வெச்சா கொடி சிக்கும்னு பசங்கள அடிக்காத குறையாச் சொல்ற மனுஷன்க்கா அவரு. பொறாமைல கட்டியிருந்தார்னா ஒரு குத்தம் சொல்ல முடியாம கட்டியிருப்பாரு. பாரு, நான் கட்டின கொடி எப்படி அவுருதுன்னு ஊருக்கே காட்டியிருப்பாரு. எனக்காகன்னு கட்டினாரு, கோட்டை வுட்டுட்டாரு."

"இவரா? இந்த மூஞ்சியா?" என்று அக்கா சிரிக்க ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கப் போய்விடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கையோடு எரிச்சலும் வந்தது. கொடி கட்டுவதில் மன்னன் நான். ஆனால் பூவையும் பொறாமையையும் நான் ஒளித்து வைத்திருந்த இடம் இரண்டையும் இவள் ஒரு துடைப்பத்தை வைத்துக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறாள். கண்டுபிடித்துவிட்டு இத்தனை நாளும் பேசாமல் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். இதற்கும் ஒரு மெடல் இருந்தால் அதையும் இவளுக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

"ஏங்க" என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பின்னால நின்னு கேட்டது போதும். அந்தப் பெரிய குண்டானை எடுத்துக்கினு வாங்க, அக்கா எவ்ளோ நேரம் நிக்கும்?"

எடுத்துக்கொண்டு போனேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தது. நான் யாரையும் பார்க்காமல் குண்டானைத் துணியால் துடைத்து என் மனைவி முன்னால் வைத்தேன். வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும்.